ஒருத்தரும் இல்லாத றோட்டு

"ஒரு ஊரிலை ஒரு றோட்டு இருந்ததாம்" என்று அக்கா பின்னாலிருந்து தொடங்கினாள். "ம்" என்றேன். "அந்த றோட்டிலை ஒருத்தரும் இல்லையாம்." "ம்." "ஒருத்தரும் இல்லாத றோட்டிலை ரெண்டு விசருகள் சைக்கிள் ஓடிக்கொண்டு போச்சினமாம்." "ம்." "முன்னாலை போன விசருக்கு கியர் மாத்தவே தெரியாதாம்." "ம்… ஏய்!" என்றேன், அவள் சிரித்தாள், அந்தச் சிரிப்பு சோளக்காட்டுக்கு மேலால் போய் எதிலும் முட்டாமல் அப்படியே போய்விட்டது, அவ்வளவு வெறும் வெளி. கதையில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பிரவீணா அக்காவுக்குக் கதை சொல்ல வராது, அது எனக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும், இங்கே வேண்டியது கதை இல்லை, என்னுடைய ம் தான். அவள் ஒரு சைக்கிள் நீளம் விட்டுப் பின்னால் வருகிறாள். பின்னால் வருகிற ஆளுக்கு என் முதுகு தெரியும், முகம் தெரியாது. முதுகை வைத்துக்கொண்டு ஒருவனுக்கு நினைவு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல ஏலாது, பெடல் போடுகிற கால் நினைவில்லாமலும் கொஞ்சத் தூரம் பெடல் போடுமாம். ஆனபடியால் ம். நான் ம் சொல்லும் மட்டும் நான் இருக்கிறேன். போன வருஷம் கோடையில் எனக்கு முதல் தரம் வலிப்பு வந்தது, பிறகும் வந்தது, மருந்து மாற்றி மருந்து மாற்றி ஒரு மருந்து பிடித்தது, குளிர் முடிந்ததிலிருந்து வரவில்லை, இந்தக் கிழமை அந்த டொக்டர் பொம்பிளை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சைக்கிள் ஓடலாம், முதல் ஒரு ஓட்டம் ஆரையாவது கூட்டிக்கொண்டு போ, சந்தடி இல்லாத றோட்டாகப் பார்த்துப் போ, என்று சொன்னா. சந்தடி இல்லாத றோட்டு! இந்தப் பிரெஞ்சு நாட்டின் நடு வயிற்றில் எங்கள் சின்ன நகரத்தை விட்டு வெளியே வந்தால் அதைத் தவிர வேறு றோட்டு எங்கே இருக்கிறது. அம்மா வாசலில் நின்று ஹெல்மெற்றின் பட்டியை இழுத்து இழுத்துப் பார்த்தா, தாடைத் தோலும் சேர்ந்து இழுபட்டது. அக்கா ரயருக்குக் காற்று அடித்தாள். அவளுக்குத் தெற்கே, தூரத்து நகரமான மார்செய் ஆஸ்பத்திரியிலிருந்து வேலை வந்திருக்கிறது, மருத்துவிச்சி வேலை, அவள் படித்ததே அதற்குத்தான், இன்று பின்னேரத்துக்குள் ஓமா இல்லையா என்று சொல்லவேண்டும். "முதல்லை இவனோடை ஒருக்கா ஓடிப் பாக்கிறன், பிறகு யோசிப்பம்" என்று அம்மாவுக்குச் சொன்னாள். அவளுடைய யோசிப்பம் என்னவென்று எனக்குத் தெரியும். நான்ற் என்ற ஊரிலிருந்து முந்தி ஒரு வேலை வந்தபோதும் யோசிப்பம் என்றுதான் சொன்னாள், அந்தக் கிழமை நான் குளியலறையில் விழுந்தேன், அவள் போகவில்லை.

ஆகவே இன்று நான் விழக்கூடாது. விழுகிறது பெரிய காரியம், கண் வெட்டுகிற அளவுக்கு ஒரு வெறுமை வந்தாலே போதும், ஒரு ம் பிந்தினாலே போதும், அவள் வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு மார்செய்க்கு எடுத்து, மன்னியுங்கோ வர வசதிப்படாது என்று சொல்லுவாள், சொல்லிவிட்டு வந்து ஒன்றும் நடக்காத மாதிரி மரக்கறி வெட்டுவாள். விழக்கூடாது என்று நினைக்க நினைக்க ஹாண்டிலைப் பிடித்த கை இறுகுகிறது, கை இறுக தோள் இறுகுகிறது, தோள் இறுகினால் சைக்கிள் ஆடுகிறது, சைக்கிள் ஆடினால் அவள் பின்னாலிருந்து, "என்னடா?" "ஒண்டுமில்லை. கல்லு." "ம் சொல்லு." "ம்." இந்த ம் எங்களுக்குப் புதுசில்லை. அப்பு, எங்கள் தாத்தா, ஊரில் சங்கானையில் இருந்தார், நாங்கள் இங்கே. போன் காட் வாங்கி நம்பர் அடித்துக் கதைக்கிற காலத்திலிருந்து கிழமைக்கு ஒரு கதை சொல்லுவார், நரிக் கதை, கிணற்றுக்குள் விழுந்த ராசாவின் கதை, சில நாள் அதே கதை அடுத்த கிழமையும் வரும், ராசா வேறு கிணற்றில் விழுவார். லைன் அடிக்கடி அறுந்துபோகும். அறுந்தது தெரியாமல் அந்தப் பக்கத்தில் அவர் பாவம் தனியக் கதை சொல்லிக்கொண்டிருப்பார். அதனால் ஒவ்வொரு வசனத்துக்கும் ம் போடவேண்டும், போடாவிட்டால் கதை நிற்கும், "லைன் இருக்கோ மோனை?" என்று கேட்பார், அந்த லைன் என்ற சொல்லில் அவருக்கு ஒரு பயம் இருக்கும். நான் சோபாவில் படுத்துக்கொண்டு ம் ம் என்பேன், நித்திரை வந்த பிறகும் வாய் ம் என்று சொல்லிக்கொண்டிருக்குமாம், அக்கா போனை வாங்கி, "அப்பு, அவன் நித்திரை, வாய் மட்டும் உங்களோடை கதைக்குது" என்பாளாம். நித்திரையிலும் ம் சொன்னவன் நான். இதை அக்கா மறந்துபோனாளா, அல்லது நினைவிருந்தும்தான் இந்த ம்மை நம்பி வருகிறாளா, அதை அவளிடம் கேட்க ஏலாது. கேட்டால் இந்தக் காவலும் உடைந்துபோகும். வாய் நித்திரையிலும் ம் சொல்லும் என்றால் நினைவில்லாமலும் சொல்லுமா. சொல்லாது. சொல்லுமோ. இதை நினைக்காதே, றோட்டைப் பார்.

றோட்டைப் பார்த்தேன். தாராளமாகப் பார்க்கலாம், அது எங்கேயும் அவசரப்படுகிற றோட்டில்லை, ஒரு மாட்டுப் பட்டியைச் சுற்றிப் போகவேண்டுமென்றால் சுற்றிப் போகிறது, ஒரு ஓக் மரத்துக்கு வழி விட்டு வளைகிறது. ஓரத்தில் மஞ்சள் தொப்பி போட்ட கற்கள் வருகின்றன, ஒவ்வொரு கல்லிலும் றோட்டின் நம்பரும் அடுத்த ஊரின் பெயரும். வெள்ளை மாடுகள் கன்றுகளோடு கம்பி வேலி ஓரம் வந்து நின்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றன. சூரியகாந்தி எல்லாம் முற்றிக் கறுத்து, பிழை செய்து பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரிசையாய் நிற்கின்றன. வைக்கோலைப் பெரிய உருளைகளாக உருட்டி வயலில் விட்டிருக்கிறார்கள், ஒன்றும் அசையவில்லை, ஒரு பருந்து மட்டும் கட்டையில் இருந்து எழும்பி அடுத்த கட்டையில் போய் இருந்துகொண்டது. ஒரு ஊர் வந்தது. ஊர் என்றால் ஒரு தேவாலயக் கோபுரம், மூடின பேக்கரி, செம்பருத்தி நட்ட ஆறேழு வீடு, அவ்வளவுதான். ஊருக்குள் போகும்போது சிவப்புக் கரை போட்ட பலகையில் ஊரின் பெயர், வெளியே வரும்போது அதே பலகை, அதே பெயர், குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. எழுதினது பிழை என்று வெட்டிவிட்ட மாதிரி. சின்ன வயதில் எனக்கு அது பெரிய கவலை, ஏனப்பா அந்த ஊரை வெட்டினவை என்று காருக்குள் கேட்பேன். அப்பா, வெட்டேல்லை, முடிஞ்சுது எண்டு சொல்லினம், என்பார். எவ்வளவு மரியாதையான நாடு, நீ இப்போது உள்ளே வருகிறாய் என்று சொல்கிறது, நீ இப்போது வெளியே போய்விட்டாய் என்றும் சொல்கிறது. எனக்கு வருகிற வலிப்புக்கு அப்படி ஒரு பலகையும் இல்லை. சுப்பர் மார்க்கெற்றில் தயிர் எடுக்கக் கையை நீட்டினேன், அடுத்ததாகத் தரையின் குளிரும் அக்காவின் முகமும். இடையில் ஒன்றுமில்லை, இருட்டுக்கூட இல்லை, இருட்டென்றால் இருட்டைப் பார்த்த நினைவாவது இருக்குமே. நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு நுனியையும் ஒட்டிவிட்ட மாதிரி. மற்ற எல்லாரும் அந்தத் துண்டைப் பார்த்திருக்கிறார்கள், அக்கா பார்த்திருக்கிறாள், அங்கே தயிர் அடுக்கிக்கொண்டிருந்த மனுசன் பார்த்திருக்கிறான், எனக்கு மட்டும் அது இல்லை. என்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாது. அதனால்தான் அவள் என்னைப் பார்க்கிற பார்வை அப்படி, நான் பேசிக்கொண்டிருக்கும்போதுகூட எனக்குப் பின்னால் நிற்கிற வேறு ஆரையோ பார்க்கிற மாதிரி. "நிரூபன்!" "ம்." "ரெண்டு தரம் கூப்பிட்டனான்." "காத்திலை கேக்கேல்லை." "காத்து எங்கையடா அடிக்குது?" காற்று அடிக்கவில்லை. ஒரு இலைகூட ஆடவில்லை. "ம், ம், ம், ம்" என்றேன், "இந்தா, முன்பணம்." "நக்கலோ? வீட்டை வா, உனக்கிருக்கு."

அப்போதுதான் அந்த மணம் வந்தது. வலிப்பு வருவதற்குச் சற்று முன்னால் எனக்கு ஒரு மணம் வரும், பால் அடிப்பிடித்த மணம், வீட்டில் அடுப்பே எரியாத நேரத்திலும் வரும். டொக்டரிடம் சொன்னபோது அப்படிச் சிலருக்கு வரும் என்று சாதாரணமாக எழுதிக்கொண்டா. அது வந்தால் எங்கே நின்றாலும் உடனே கீழே குந்தி இருந்துவிடவேண்டும். இப்போது வந்தது. முதலில் மெல்லிசாய், பிறகு தடிப்பாய், இனிப்பும் கருகலுமாய், மூக்கின் மேல் பக்கத்தில் பிடித்துக்கொண்டது. வெளி, மாடு, வேலி, வானம், இதில் எங்கே அடுப்பு. நான் பிறேக்கைப் பிடிக்கவேண்டும். பிடித்தால் அக்கா நிற்பாள், நின்றால் என்னவென்று கேட்பாள், மணம் என்றால் முடிந்தது, மார்செய் முடிந்தது, அவளுக்கு இனி எப்போதும் நான்தான் வேலை. பிடிக்காவிட்டால் சைக்கிளோடு விழுவேன், தலை கல்லில் படும், மஞ்சள் தொப்பிக் கல்லில். ஒரு தரம் மூச்சை உள்ளே எடுத்துப் பார், மணம் இருக்கிறதா. இருக்கிறது. நாக்கை அசைத்துப் பார். அசைகிறது. என் பெயர் என்ன. நிரூபன். அடுத்த ஊரின் பெயர் என்ன, கல்லில் பார்த்தாயே. தெரியாது. தெரியாதா மறந்ததா. அக்காவிடம், உனக்கும் மணக்குதோ என்று கேட்டால் போதும், ஒரு வசனம், ஆனால் இல்லை என்று சொல்லிவிட்டாளென்றால்? கேட்காமல் இருந்தால் இல்லை என்ற சொல் இன்னும் வரவில்லை. பிறேக்கில் இரண்டு விரல். வீதியோரப் புல்லைப் பார்த்துக்கொண்டேன், விழுந்தால் அந்தப் பக்கம் விழவேண்டும், புல் பக்கம், மெதுவாய், இப்போது, இப்போது என்று விரலை மடக்குகிற நேரத்தில் பின்னாலிருந்து, "சீ, என்ன மணமிது? ஆரோ அடுப்பிலை என்னத்தையோ வைச்சிட்டு மறந்திட்டினம்" என்றாள். மறந்திட்டினம்! ஆரோ! அந்த ஆரோவை நான் கட்டிப்பிடிக்கலாம். வேலி முடிந்த இடத்தில் ஒரு வீடு, ஜன்னல் திறந்திருக்கிறது, வாசலில் கூடை கூடையாய் ஊதாப் பிளம்ஸ் பழம், உள்ளே ஒரு மனுசி சட்டியோடு சண்டை பிடிக்கிற சத்தம், ஜாம் காய்ச்சுகிறார்கள், ஜாம் அடிப்பிடித்திருக்கிறது, உண்மையான சட்டியில் உண்மையான அடிப்பிடிப்பு. "என்னடா சிரிக்கிறாய்?" "அவவுக்கு இண்டைக்கு வீட்டிலை பேச்சு விழப்போகுது." "ஏன் அவவுக்கு விழவேணும்? மனுசன் காய்ச்சியிருக்கலாமே." "ம்" என்றேன், அன்றைக்கு நான் சொன்ன ம்களில் அதுதான் நல்ல ம். கழுத்தடியில் வேர்வை ஓடினது. எனக்கு அழுகை வந்தது, முதுகுக்கு அது தெரியாது.

அடுத்த ஊரில் தண்ணீர் முடிந்தது. ஊர்ச் சந்தியில் வடிவான கல் தொட்டியில் தண்ணீர் கொட்டுகிறது, மேலே, குடிக்கக் கூடாது என்று தகடு. பார் பூட்டிக்கிடந்தது. பேக்கரி பூட்டு. ஆள் நடமாட்டம் என்று பார்த்தால் மதிலில் ஒரு பூனை. சைக்கிள்காரர் எல்லாம் கல்லறைத் தோட்டத்துப் பைப்பில்தான் நிரப்புவார்கள் என்று நான் எங்கேயோ வாசித்திருந்தேன், பூக்களுக்கு ஊற்றவென்று ஒவ்வொரு ஊரிலும் அங்கே ஒரு நல்ல தண்ணீர்ப் பைப் இருக்கும். அதைச் சொன்னதும் அக்கா இரும்புக் கேற்றடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டாள்.

"நான் உள்ளுக்கை வரமாட்டன்."

"இது சுடலை இல்லையக்கா. பூந்தோட்டம் மாதிரிக் கிடக்கு."

"பூந்தோட்டத்திலை சிலுவை நடுவினமே? அம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னை வாசல்லை நிப்பாட்டி முழுக வார்ப்பா."

"அப்ப தாகத்தோடை வா."

"நீ போய் எடு. ஆம்பிளையள் போகலாம்."

ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறப்பிக்கிற பொம்பிளை, இரத்தம் கண்டால் கண் இமைக்காதவள், கேற்றுக்கு வெளியே நின்று என் சைக்கிளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் உள்ளே போனேன். ஒரு வயதான மனுசி பச்சை வாளியோடு ஒரு கல்லறைக்கு முன்னால் நின்றவா. என் கையிலிருந்த போத்தல்களைக் கண்டதும், "குடிக்கலாம், குடிக்கலாம், பயப்படாதே தம்பி" என்று அவவாகவே பிரெஞ்சில் சொன்னா, "சைக்கிள்காரர் எல்லாரும் இங்கேதான் நிறுத்துவார்கள். என் கணவரும் இங்கேதான் நிரப்புவார். ஒவ்வொரு தடவையும் தூரம் தூரம் என்று முறைப்பாடு. இப்போது பாருங்கள், பைப்புக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துவிட்டார்." எனக்குச் சிரிக்கலாமோ என்று தெரியவில்லை, அவவே சிரித்ததால் நானும் சிரித்தேன். இரண்டு போத்தலையும் நிரப்பிக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா ஒரு போத்தலை வாங்கினாள், குடிப்பாளென்று பார்த்தால் மூடியைத் திறந்து ஹெல்மெற்றின் ஓட்டைகளுக்குள்ளால் என் தலையில் அப்படியே கவிழ்த்துவிட்டாள். குளிர் தண்ணீர் காதுக்குள், கண்ணுக்குள், முதுகுக்குள்.

"சரி. முழுகியாச்சு."

"விசரே! இனித் தண்ணிக்கு?"

"போய் நிரப்பிக்கொண்டு வா."

"திருப்பிப் போனா திருப்பி முழுகவேணுமே."

அவள் அதை யோசிக்கவே இல்லை. பிறகு இரண்டு பேரும் கேற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், மூச்சு வாங்கச் சிரித்தோம், மனுசி வாளியோடு வாசலுக்கு வந்து, "தம்பிக்கு வெயில் தாங்கவில்லையா?" என்று கேட்டா. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, செத்தவர்கள் இருக்கிற இடத்துக்குப் போனால் எங்களில் தலையில் தண்ணீர் ஊற்றாமல் வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்று விளக்கினாள். மனுசி தலையை ஆட்டி, "நல்ல வழக்கம். நாங்கள் நேரே போய் வைன் குடிப்போம்" என்றா. மற்றப் போத்தலை இரண்டு பேருமாகக் குடித்தோம். நல்ல தண்ணீர், கல்லின் குளிர் இருந்தது. சிரித்து முடிந்ததும் பயம் மெல்ல வந்து தன் இடத்தில் இருந்துகொண்டது. அதிகமாய்ச் சிரித்தால் வருமா, திடீரென்று குளிர் தண்ணீர் பட்டால் வருமா, டொக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அக்காவும் அதைத்தான் நினைத்தாள் போல, என் கண்ணை ஒருக்கால் உற்றுப் பார்த்துவிட்டு, "குளிருதோ?" என்றாள். "இல்லை." "சொல்லவேணும் என்ன." "ம்."

பிறகு ஏற்றம் வந்தது. நீண்ட ஏற்றம், இரண்டு பக்கமும் உயர்ந்த செடி வேலி, அதற்கு மேலே தூரத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி காளான் மாதிரித் தெரிந்தது. ஏற்றத்தில் ஆருக்கும் கதைக்க மூச்சு இல்லை, ஆனாலும் அவள் விடவில்லை, "அந்த ரெண்டு விசரும்… மலையிலை… ஏறிச்சினமாம்…" என்று துண்டு துண்டாய்ச் சொன்னாள், நான் துண்டு துண்டாய் ம் போட்டேன். உச்சியில் ஒரு கணம் முழு நாடும் தெரிந்தது, நீலமாய், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாய், எதுவும் என்னைக் கேட்கவில்லை. அப்படியே இறக்கம். முதலில் பிறேக்கைத் தொட்டுக்கொண்டுதான் இறங்கினேன், பிறகு விட்டேன். காற்று நனைந்த சேட்டுக்குள் புகுந்து ஊதிக்கொண்டது, சக்கரம் தானாய் ஒரு பாட்டு எடுத்துக்கொண்டது, மரங்களின் நிழல் வெளிச்சம் நிழல் வெளிச்சம் என்று தோளில் தட்டித் தட்டிப் போனது, மின்னுகிற வெளிச்சம் கூடாது என்று ஆரோ சொன்னார்களே, சொன்னார்கள்தான், எனக்கு அது இல்லை என்று சோதித்தும் பார்த்தார்கள், போகட்டும். அந்த இரண்டு விசருக்கும் பிறகு என்ன நடந்தது? மலை உச்சியில் ஒரு ராசா கிணறு தோண்டிக்கொண்டிருப்பார், விழுவதற்காகத் தானே தோண்டுவார், ம், விசருகள் கேட்கும், ஏன் ராசா, விழாமல் இருக்கலாமே, ம், ராசா சொல்லுவார், விழுந்து பழகிப்போச்சு, இனி விழாவிட்டால் என்ன செய்யிறது என்று தெரியவில்லை, ம், அப்படியென்றால் வாருங்கோ எங்களோடு சைக்கிள் ஓடுவோம், ம், ராசாவுக்குச் சைக்கிள் தெரியாது, ம், ஹாண்டிலில் ஏற்றிக்கொண்டு போவோம், ம், கிரீடத்துக்கு மேலால் ஹெல்மெற் போடுவது எப்படி, ம். நானே சொல்லி நானே ம் போட்டு, கதையின் வால் எங்கேயோ ஓட நான் அதற்குப் பின்னால் ஓட, இறக்கம் முடிந்து ஒரு சின்னப் பாலத்தில் சக்கரம் தடதடவென்றபோதுதான் வாய் திறந்து, "பிறகு?" என்று கேட்டேன். ராசாவைக் கேட்கவில்லை. அக்காவைக் கேட்டேன். பதில் இல்லை. "பிறகென்னக்கா?" சக்கரம் சுற்றுகிற சத்தம், பாலத்துக்குக் கீழே தண்ணீர். திரும்பிப் பார்த்தேன். றோட்டில் ஒருத்தரும் இல்லை.

எப்போதிருந்து இல்லை. இந்த இறக்கம் முழுக்கவா, உச்சியிலிருந்தேவா. கடைசியாய் அவள் குரல் எங்கே கேட்டது, மலையில் ஏறிச்சினமாம், அதற்குப் பிறகு கேட்டதா, அல்லது அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு நுனியையும் ஒட்டிவிட்டார்களா. சைக்கிளைத் திருப்பினேன். இல்லை, எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது, ராசா, கிணறு, நிழல் வெளிச்சம், ஒவ்வொரு வளைவும் நினைவிருக்கிறது, ஓட்டை ஒன்றும் இல்லை, நான் முழுசாய் இருந்திருக்கிறேன். அப்படியென்றால் அவள். இவ்வளவு காலமும் விழுகிற ஆள் நான் என்றே இருந்துவிட்டோம், அவளும் விழலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, அவளுக்குப் பின்னால் வந்து ம் கேட்க ஆர் இருக்கிறார்கள். சின்ன வளைவு, மண் சறுக்கல், ஒரு டிராக்டர், வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளம். இறக்கம் இப்போது ஏற்றம். எழும்பி நின்று பெடலை மிதித்தேன், தொடை எரிந்தது, "அக்கா! அக்கா!" என்று கத்தினேன், வெள்ளை மாடுகள் தலையைத் தூக்கின. ஆஸ்பத்திரி விறாந்தையில் கதிரையில் இருந்தபடி நித்திரை கொள்ளுகிற அக்கா, என் அறைக் கதவைச் சாத்தவிடாமல் சப்பாத்தை இடையில் வைக்கிற அக்கா, கடவுளே, அவளுக்கு ஒன்றும் நடக்கக்கூடாது, எனக்கு வரட்டும், எனக்குப் பழக்கம், எனக்கு வரட்டும். வளைவு திரும்பினேன்.

சைக்கிள் புல்லில் கிடந்தது. அவள் முழங்காலளவு புல்லுக்குள் வேலியைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முதுகை வைத்துச் சொல்ல ஏலாது. "அக்கா!" திரும்பினாள். வாய், நாடி, விரல், எல்லாம் கறுத்த ஊதா, ஒரு கணம் இரத்தம் என்று நினைத்தேன், பிறகு தெரிந்தது, பழம். வேலி முழுக்க முள்ளுப் பற்றை, அதில் கொத்துக் கொத்தாய்க் கறுத்தப் பழம், மூர் என்று இங்கே சொல்வார்கள், உள்ளங்கை நிறைய வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கை போனனீ?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அம்மாவின் குரல் மாதிரிக் கேட்டது.

"நான் எங்கை போனன்? நீயெல்லோ போனனீ! செயின் கழண்டிட்டுது. நில்லடா, நில்லடா எண்டு தொண்டை கிழியக் கத்துறன், நீ ம், ம் எண்டுகொண்டு போறாய்!"

"நான் உனக்கு ம் சொல்லேல்லை."

"பின்னை ஆருக்கு?"

"ராசாவுக்கு."

"எந்த ராசாவுக்கு?" என்று கேட்டவள் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டாள். உள்ளங்கையை நீட்டினாள். ஒரு பழம் எடுத்து வாயில் போட்டேன், வெயில் சூடு இருந்தது. செயின் போட்டதில் அவள் விரலெல்லாம் கிறீஸ், பழத்திலும் கொஞ்சம் கிறீஸ். எனக்கு இன்னும் மூச்சு வாங்கினது. அவள் புல்லில் இருந்தாள், நானும் இருந்தேன்.

"நிரூ, ஒண்டு சொல்லட்டோ? கோவிக்கக்கூடாது."

"சொல்லு."

"உன்னை மறந்துபோனன்."

நான் அவள் உள்ளங்கையிலிருந்து இன்னொரு பழம் எடுத்தேன்.

"முதல்லை பயந்துதான் செயினைப் போட்டன், மாட்டவே மாட்டாதாம். மாட்டி எழும்பினாப் பிறகு இதைக் கண்டன். ஒண்டைப் பிடுங்கித் திண்டன். பிறகு… தெரியேல்லையடா. பழம் மட்டும்தான். அங்கை நல்லதிருக்கு, இங்கை நல்லதிருக்கு எண்டு. நீ அக்கா எண்டு கத்தேக்கைதான், ஐயோ, தம்பியெண்டு ஒருத்தன் இருக்கிறானே எண்டு வந்தது." அவள் குரல் இறங்கிப்போனது, ஏதோ பெரிய களவு செய்தவள் மாதிரி. "எவ்வளவு நேரமெண்டும் தெரியேல்லை. நீ விழுந்திருந்தா?"

"விழேல்லையே."

"விழுந்திருந்தா?"

"விழுந்திருந்தா எழும்பியிருப்பன். பிறகு பழம் தின்ன வந்திருப்பன்."

அவள் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் ஆரையும் தேடாமல் என்னைத்தான் பார்த்தாள், சேறு பட்ட சப்பாத்து, ஈரம் காயாத தலை, இவ்வளவுதான் நான். எனக்குள் ஏதோ மெதுவாய்க் கழன்று இறங்கினது. அவள் என்னை மறந்தாள். ஒரு முழு இறக்கம் முழுக்க, ஒரு வேலி நிறையப் பழம் முழுக்க, என்னை மறந்தாள், நானும் என்னை மறந்திருந்தேன், இரண்டு பேரும் காவலை விட்டுவிட்டுப் போன அந்த நேரத்தில் ஒன்றுமே நடக்கவில்லை, நிழல் விழுந்தது, வெளிச்சம் விழுந்தது, மாடு புல் தின்றது. இதை அவளுக்கு எப்படிச் சொல்வது. சொல்ல வெளிக்கிட்டால் பிழையான சொல் வரும், நன்றி என்று வரும், நன்றி என்றால் அடிப்பாள்.

"மார்செய்க்கு எடு" என்றேன்.

"வீட்டை போய் எடுப்பம்."

"இப்ப எடு. வீட்டை போனா அம்மா முகத்தைப் பாப்பாய், அப்பான்ரை முகத்தைப் பாப்பாய், யோசிப்பம் எண்டுவாய்."

"என்ன சொல்லுறதாம்?"

"வாறன் எண்டு சொல்லு."

அவள் பழம் எல்லாவற்றையும் ஒரேயடியாய் வாயில் போட்டுக்கொண்டாள், பேச ஏலாதபடி. மென்று முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கையைப் புல்லில் துடைத்துவிட்டுச் சேட்டின் பின்பொக்கற்றிலிருந்து போனை எடுத்தாள், பார்த்தாள், தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தாள். "இந்தக் கிடங்குக்குள்ளை ஒரு கோடும் வருகுதில்லை." "தண்ணித் தாங்கியடியிலை வரும். அங்கை உயரம்." வேலியில் ஒரு இடைவெளி இருந்தது, அதற்குள்ளால் டிராக்டர் போகிற ஒரு மண் பாதை மேலே போனது. அவள் எழும்பி அந்த இடைவெளியில் போய் நின்றாள்.

"சம்பளம் கூட்டிக் கேக்கட்டோ?"

"கேளன்."

"வேண்டாம், பிறகு வேண்டாமெண்டிடுவினம். நிரூ, அங்கை கடல் இருக்கு, என்ன?"

"கடல் இருக்கு."

"நீ இங்கை நிக்காதை. நீ கீழை நிண்டு பாத்துக்கொண்டிருந்தா எனக்கு வாய் வராது. போ. சுத்தித்தானே வந்தனாங்கள், இந்த றோட்டாலை நேரை கீழை போனா வீடுதானே."

"தனியவோ?"

"பின்னை? தனியத்தான்" என்றாள், சொன்ன பிறகுதான் என்ன சொன்னாள் என்று அவளுக்கே கேட்டிருக்கவேண்டும். நான் சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு, ஒரு காலைப் பெடலில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் இன்னும் எதையோ சொல்லப்போகிறாள், ஹெல்மெற், மருந்து, ஊருக்குள் வலப்பக்கத்தால் வருகிற கார், என்று நான் காத்திருந்தேன். அவள் விரலில் ஒட்டியிருந்த பழத்தை நக்கினாள், போனை உயரத் தூக்கிப் பிடித்தாள், ஒரு கோடு வருகிறதா என்று அதையே பார்த்தபடி அந்த மண் பாதையில் மேலே நடக்கத் தொடங்கினாள், முதலில் மெதுவாய், பிறகு வேகமாய், டிராக்டர் தடத்துக்கு ஒரு பக்கம் ஒரு கால் மறுபக்கம் ஒரு காலாய், திரும்பிப் பார்க்காமல்.